கயிற்றுக்கு இந்தப் பக்கம்

ஆற்றுக்கு யார் யார் வருகிறார்கள் என்று என் தம்பி அக்மல் கேட்டான். நான் விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு கை விரல்களும் தீர்ந்து மறுபடியும் கட்டைவிரலுக்கு வந்தபோது, என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டான்.

“அக்கா, இருக்கறது ரெண்டு கயாக். ஒண்ணுல ரெண்டு பேருதான் உக்காரலாம். நான் சொன்னது மூணு நாலு பேரு.”

“மத்தவங்க கரையில நின்னு வேடிக்கை பாக்கட்டுமேடா. வேனுக்குச் சொல்லியாச்சு. பெரிய தேக்சாவுல பிரியாணி போட்டு எடுத்துட்டுப் போயிருவோம்.”

“வேடிக்கை பாக்க வர்றவங்கதான்க்கா மொதல்ல தண்ணிக்குள்ள எறங்குவாங்க. போன் போட்டு எல்லாருக்கும் வேணாம்னு சொல்லிரு.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சொல்வது சுலபம். எங்கள் வீட்டில் யார் யாரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருக்கிறார்கள்?

திண்டுக்கல் நாகல் நகரில் எங்களுடையது பிரியாணிக் கடை. அத்தா தொடங்கியது, இப்போது நானும் என் வீட்டுக்காரர் வாஜித்தும் பார்த்துக்கொள்கிறோம். கல்லாவில் உட்காருகிறவர் வாயில் ‘இல்லை’ என்ற சொல் வரக் கூடாது என்பது அத்தா போட்ட சட்டம். பிரியாணி தீர்ந்துவிட்டால் ‘நெறஞ்சிருச்சு’ என்போம். கறி வந்து சேரவில்லை என்றால் ‘வரணும்’ என்போம். கடைப் பழக்கம் மெதுவாக வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. போக முடியாத கல்யாணத்துக்கும் ‘இன்ஷா அல்லா, வந்துர்றோம்’ என்போம். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் அத்தா ‘யோசிச்சுச் சொல்றோம்’ என்றார். அவர்கள் அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டு நாள் குறித்துவிட்டார்கள். மறுக்க அத்தாவுக்கு வாய் வரவில்லை. வாஜித் நல்ல மனுஷனாக அமைந்தார், நான் தப்பித்தேன்.

அந்தப் பழக்கத்தில்தான், ஆற்றுக்குப் போகிறீர்களாமே என்று கேட்ட அத்தனை பேரிடமும் ‘அதுக்கென்ன, வாங்க’ என்று சொல்லி வைத்திருந்தேன். வாஜித் இதற்கென்று வாட்ஸ்அப்பில் ஒரு குழுவே ஆரம்பித்திருந்தார். அதில் யாரோ மீன் தூண்டில் எடுத்து வரட்டுமா என்று கேட்டிருந்தார்கள்.

அக்மல் அப்படி இல்லை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு மஸ்கட் போனவன். அங்கே கடற்கரை ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவத் தொடங்கி, நீச்சல் கற்று, கடைசியில் குளிக்க வருகிறவர்களுக்குக் காவல் நிற்கிற வேலைக்கு வந்தான். வெளிநாட்டுக்காரர்களுக்குக் கயாக் ஓட்டச் சொல்லிக் கொடுத்தான். இந்த வருஷம் ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது ஊர் வழக்கப்படி சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டு வந்தான். அப்புறம் கொச்சிக்குப் போய் இரண்டு கயாக் வாங்கி, லாரியில் போட்டுக் கொண்டு வந்து கடைக்குப் பின்னால் சாய்த்து வைத்தான். தெருவே சிரித்தது. பிரியாணிக் கடைக்காரர் மகன் மழைக்காலத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் படகு விடப் போகிறான் என்றார்கள்.

அவன் சிரிக்கவில்லை. தண்ணீரையே தொடாதவர்களை ஒரு நாள் பயமில்லாமல் தண்ணீர் மேல் உட்கார வைக்க வேண்டும், அவ்வளவுதான் என்றான். இடம் நிலக்கோட்டை தாண்டி வைகை. நாச்சிமுத்து அண்ணனுடைய தென்னந்தோப்பை ஒட்டி ஒரு தடுப்பணை இருக்கிறது. மேலே பெரிய அணையில் பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் தடுப்பணைக்கு மேல் பக்கம் ஆறு குளம் மாதிரி நிறைந்து நிற்கும். புதியவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாதாம்.

அவன் அந்த இடத்தைச் சொன்னதும் வாஜித் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். எங்கள் பெரியண்ணன் சனாவுல்லா தண்ணீரில் மூழ்கி மவுத்தானது அங்கேதான்.

பக்ரீத் முடிந்த மறுநாள் எல்லோருமாக அங்கே போயிருந்தோம். அண்ணனுக்குக் கல்யாணமாகி, மகள் ருக்ஸார் அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கிறாள். அக்மலுக்குப் பள்ளிக்கூட வயது. கரையோரத்தில் முழங்கால் தண்ணீர். அக்கரையில் ஷட்டர் இருக்கிற பக்கம் மணல் அள்ளிய குழி இருக்கிறது, அந்தப் பக்கம் போகாதீங்க பாய் என்று நாச்சிமுத்து அண்ணன் சொல்லித்தான் இருந்தார். நான் கரையில் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். “அண்ணே, இன்னுங் கொஞ்சம் தள்ளிப் போவோம்ணே” என்று அக்மல் கெஞ்சுவது கேட்டது. அண்ணனுக்கு நீச்சல் தெரியாது. இருந்தும் தம்பி கேட்கிறானே என்று “சரி, வா” என்றார். கொஞ்சம் தள்ளிப் போனதும் அக்மல் மறுபடியும் கேட்டான். மறுபடியும் “சரி” என்றார். அப்படியே கையைப் பிடித்துக்கொண்டு போன இருவரும் ஒன்றாகக் குழிக்குள் போனார்கள். அண்ணன் அக்மலை மேலே தள்ளிவிட்டார். நாச்சிமுத்து அண்ணன் குதித்து அவனை இழுத்து வந்தார். அண்ணனை எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது.

அண்ணன் மனைவி உம்மு சல்மா மதினி அன்றைக்கும் அதற்குப் பிறகும் அக்மலை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவன் வந்தால் டீ போட்டுக் கொடுப்பாள், “நல்லா இருக்கியா தம்பி” என்று கேட்பாள், அவ்வளவுதான். அந்த டீயைக் குடிக்க முடியாமல்தான் அவன் மஸ்கட் போனான் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது அவன் ருக்ஸாரை அதே ஆற்றுக்குக் கூட்டிப்போக நினைத்தான். ருக்ஸார் காலேஜ் படிக்கிறாள். கயாக் வந்து இறங்கிய நாளிலிருந்து சாச்சா சாச்சா என்று அவன் பின்னாலேயே சுற்றினாள். அவளுடைய சிநேகிதி கீர்த்தனாவும் வருகிறேன் என்றாள். மதினியிடம் கேட்கத்தான் யாருக்கும் தைரியமில்லை.

“நீ கேளுக்கா” என்றான் அக்மல்.

“நான் ஏன்டா கேக்கணும்? புள்ளைய ஏத்திட்டுப் போகப் போறது நீ.”

இருவருமாகப் போனோம். மதினி மொட்டை மாடியில் மல்லி காயப் போட்டிருந்தாள். கடைக்கு வேண்டிய மசாலா எல்லாம் அவள் பொறுப்பு. அண்ணன் போன பிறகு அந்த வேலையை அவளாகவே எடுத்துக்கொண்டாள். அக்மல் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுடுகிற தரையில் நின்றபடி கேட்டான்.

“மதினி, ருக்ஸாரை ஆத்துக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?”

அவள் நிமிரவில்லை. மல்லியைக் கையால் கிளறிக்கொண்டே, “பாக்கலாம் தம்பி” என்றாள்.

எங்கள் வீட்டில் ‘பாக்கலாம்’ என்றால் என்னவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வந்தவர்கள் பேச்சை மாற்றிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். நான் அப்படித்தான் திரும்பினேன். அக்மல் நகரவில்லை.

“பாக்கலாம்னு சொல்லாதீங்க மதினி. சரின்னு சொல்லுங்க, இல்லைன்னா வேணாம்னு சொல்லுங்க. வேணாம்னா நான் இன்னொருக்கா கேக்க மாட்டேன்.”

மதினி கையைத் தட்டிவிட்டு எழுந்தாள். அவன் முகத்தை அவள் அத்தனை நேரம் நேராகப் பார்த்து நான் பார்த்ததில்லை.

“மொதல்ல என்னையக் கூட்டிட்டுப் போ. அப்பறம் சொல்றேன்” என்றாள்.

அக்மல் தலையை மட்டும் ஆட்டினான்.

அதற்குப் பிறகு அவன் ஏற்பாடு செய்ததைப் பார்க்கவேண்டும். ஒரு கல்யாணத்துக்கு அத்தனை பாடு கிடையாது. முதலில் நான் ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொன்னேன். காரமான மிளகாயை மென்றுகொண்டே பேசுவது போல இருந்தது. ஒரு மாமி அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். வேனை வேண்டாம் என்றேன். தேக்சாவையும் வேண்டாம் என்றுவிட்டான் அக்மல். போகும்போது இட்லி, கரையேறிய பிறகுதான் சோறு, வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தண்ணீரில் இறங்கக் கூடாதாம். பிரியாணிக் கடைக் குடும்பத்திடம் இதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்!

அடுத்து உடுப்பு. புர்காவோடு படகில் ஏறினால், ஒருவேளை கவிழ்ந்தால் துணி காலைச் சுற்றிக்கொள்ளும் என்றான். அதை மதினியிடம் நான்தான் சொன்னேன். அவள் மறு பேச்சு பேசவில்லை. நீளமான சுடிதாரைப் பிடித்துத் தைத்து, தலைக்கு முக்காட்டைப் பின் குத்திப் போட்டுக் காட்டினாள். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும், காதுக்கு ஏறி வந்தால் வார் இறுகவில்லை என்று அர்த்தம். இதையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். கடைக்குள்ளேயே எல்லோருக்கும் மாட்டித் தூக்கிப் பார்த்தேன். பிரியாணி வாங்க வந்தவர்கள் பார்சலை மறந்துவிட்டு நின்றார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவனும் நானும் ஆற்றுக்குப் போனோம். தண்ணீர் நிறைந்து அமைதியாக இருந்தது. அக்கரைப் பக்கம் ஷட்டரைக் கொஞ்சம் தூக்கிவிட்டிருந்ததால் அங்கே மட்டும் மேல்மட்டத்தில் ஓர் இழுப்பு தெரிந்தது. அந்த மூலை கோடையிலும் வற்றாது. அந்தக் கரையெல்லாம் சீமைக்கருவேலம், ஆள் நுழைய முடியாது. அக்மல் காலித் தண்ணீர்க் கேன்களை ஒரு கயிற்றில் வரிசையாகக் கட்டி எடுத்து வந்திருந்தான். இந்தக் கரைத் தென்னையில் ஒரு முனையைக் கட்டிவிட்டு, படகில் போய் மறு முனையை ஆற்றின் மேல்பக்கம் அக்கரையோரம் இருந்த ஒரு பாறையில் கட்டினான். ஆற்றுக்குக் குறுக்கே சாய்வாக வெள்ளைக் கேன்கள் மிதந்தன.

“இதுக்கு இந்தப் பக்கம்தான் நாம. மொதல்ல எதிர்த் தண்ணியில மேல போவோம். கை வலிச்சா தண்ணியே திருப்பிக் கொண்டாந்து விட்டுரும். பத்து மணிக்கு மேல காத்து வரும், அதுக்குள்ள கரையேறிரணும்.”

நாச்சிமுத்து அண்ணன் மல்லிகைப்பூ மூட்டையைச் சந்தை வேனில் ஏற்றிவிட்டு வந்து எங்களோடு நின்றார். கேன்களைப் பார்த்தார். அக்மலைப் பார்த்தார். “நல்லாக் கட்டு அப்பு” என்று மட்டும் சொல்லிவிட்டு, முடிச்சை அவரும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

மறுநாள் காலையில் வாஜித்தையும் சேர்த்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தோப்புக்குள் வெயில் இறங்கியிருக்கவில்லை. அக்மல் அணைக்குப் பொறுப்பானவரிடம் போனில் ஷட்டர் விவரம் கேட்டுக்கொண்டான். எல்லோரையும் இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கி, படகை வேண்டுமென்றே கவிழ்த்து, ஜாக்கெட் எப்படித் தூக்கிக்கொண்டு வருகிறது என்று காட்டினான். ருக்ஸாரும் கீர்த்தனாவும் கத்திச் சிரித்தார்கள். மதினியும் விழுந்தாள். எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “சரி, ஏத்து” என்றாள்.

எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தான். கேன் கயிறு கட்டிய தென்னைக்குப் பக்கத்தில், யாராவது விழுந்தால் வீசுகிற கயிற்றுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். பேச்சுக் கொடுக்கக் கூடாது, போனைப் பார்க்கக் கூடாது. என்னைப் பற்றித் தெரிந்துதான் சொன்னான்.

மதினி முன்னால், அவன் பின்னால். முதலில் துடுப்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. தண்ணீரை வாரி அவன் மேலேயே ஊற்றினாள். “தோசை திருப்புற மாதிரி லேசா மதினி” என்று அவன் சொல்வது கேட்டது. கொஞ்ச நேரத்தில் படகு நேராகப் போயிற்று. மேலே ஒரு வளைவு வரை போய்த் திரும்பியது. திரும்பி வரும்போது இருவருமே துடுப்பை மடியில் வைத்துவிட்டார்கள். ஆறே அவர்களைக் கொண்டு வந்தது. அந்த ஆற்றின் மேல் எனக்கு இத்தனை வருஷம் இருந்த வெறுப்பு, அதைப் பார்த்தபோது கொஞ்சம் தடுமாறியது என்பது உண்மை.

கேன் கயிற்றுக்குப் பக்கத்தில் வந்ததும் மதினி கையை நீட்டிக் கயிற்றைப் பிடித்தாள். தண்ணீர் மேல் பேச்சு தெளிவாகக் கேட்கும்.

“இதைத் தூக்கு. அந்த ஷட்டர்கிட்டக்கக் கொண்டு போ.”

“வேணாம் மதினி.”

“செத்த நேரம்தான். ஒரு ஃபாத்திஹா ஓதிட்டுத் திரும்பிரலாம்.”

“இங்க இருந்தே ஓதுங்க. அங்க இழுப்பு இருக்கு.”

மதினியின் குரல் மாறிவிட்டது. அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

“நான் இதுவரைக்கும் அவரு கபரைப் பாத்ததில்லடா. பொம்பளைக மையவாடிக்கு வரக் கூடாதுன்டாங்க. அவரை வெச்சுத் தூக்குன சந்தூக்கு வாசப்படி தாண்டுனதோட எனக்கு முடிஞ்சு போச்சு. நீ வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை போய் நிக்கிற. எனக்கு எங்கடா எடம்? இந்த ஒரு எடம்தான இருக்கு. இம்புட்டுத் தூரம் கொண்டாந்துட்டு, இந்தா இருக்கு, கண்ணுக்குத் தெரியுது. கொண்டு போ தம்பி. உன்னையக் கும்புடாத கொறையாக் கேக்குறேன்.”

அவள் அழுதாள். கரையில் ருக்ஸாரும் அழுதாள். அவளுக்கு அத்தா முகம் போட்டோவில் தெரிந்ததுதான். எனக்குத் தாங்கவில்லை. பேசாதே என்று அவன் சொன்னதெல்லாம் பறந்துவிட்டது.

“கூட்டிட்டுத்தான் போயேன்டா! கல்லாடா உன் நெஞ்சு?” என்று கத்தினேன்.

வாஜித்தும், “மெதுவாப் போய்ட்டு வந்துரு மாப்ளே, ஒண்ணும் ஆகாது” என்றார். அந்த நிமிஷத்தில் கரையில் இருந்த நாங்கள் யாரும் அவளுக்கு மறுப்புச் சொல்லியிருக்க மாட்டோம்.

அக்மல் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு படகை அசையாமல் நிறுத்தினான்.

“மாட்டேன் மதினி” என்றான். “என்ன வேணும்னாலும் கேளுங்க. இது மாட்டேன்.”

மதினி அவனைத் திரும்பிப் பார்க்க முயன்றாள், ஜாக்கெட் விடவில்லை. பிறகு ஷட்டர் பக்கம் முகத்தைத் திருப்பி, இருந்த இடத்திலேயே இரண்டு கையையும் ஏந்தினாள். நெடுநேரம் ஓதினாள். ஆமீன் சொல்லி முகத்தைத் தடவிக்கொள்கிற வரை அவன் கயிற்றை விடவில்லை.

படகு கரைக்கு வந்ததும் நான் அவன்மேல் பாய்ந்தேன். உனக்கு மஸ்கட்டில் நீச்சல் மட்டுமா கற்றுக் கொடுத்தார்கள், ஈரமில்லாமல் இருக்கவும் கற்றுக் கொடுத்தார்களா என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவன் தலை குனிந்து படகைப் பிடித்துக்கொண்டு நின்றான். மதினி என் தோளைத் தொட்டாள்.

“விடு ஃபாயிஸா.”

“எப்பிடி மதினி விடுறது? நீங்க வாய் விட்டு ஒண்ணு கேட்டு...”

“நெசமாத்தான் கேட்டேன். கொண்டு போயிருந்தான்னா போயிருப்பேன். ஓதிட்டும் வந்திருப்பேன்.” அவள் ஜாக்கெட்டின் வாரை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். “ஆனா ருக்ஸாரை ஏத்தி விட்டுருக்க மாட்டேன்.”

அக்மல் நிமிர்ந்தான்.

“உங்க அண்ணனுக்கு யாருக்கும் மாட்டேன்னு சொல்ல வராது தம்பி. எனக்கும் சொன்னதில்ல, உனக்கும் சொன்னதில்ல. நல்ல மனுஷன்னு ஊரே சொல்லுது. நான்தான் ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்து அவரைத் திட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமேன்னு. உன்னைய இல்ல. உன்னைய நான் ஒருநாளும் திட்டுனதில்ல. நீ சின்னப் பய, கேட்ட. பெரியவருதான வேணாம்னு சொல்லிருக்கணும்.”

அவன் ஆற்றுத் தண்ணீரிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதான். இத்தனை வருஷமாக இவள் டீ மட்டும் கொடுத்துப் பேசாமல் இருந்தது யார்மேல் உள்ள கோபம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. நாங்கள் பேசத் தெரியாதவர்கள் இல்லை. இனிப்பாக மட்டும்தான் பேசுவோம்.

மதினி ருக்ஸாரைக் கூப்பிட்டாள். ஈரம் சொட்டுகிற தன் ஜாக்கெட்டையே மகளுக்கு மாட்டினாள். வாரை இறுக்கி, தோளில் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். திருப்தியில்லாமல் மறுபடியும் இறுக்கினாள். “போ” என்றாள்.

அக்மல் முகத்தைக் கழுவிக்கொண்டு ஏறினான். படகு எதிர்த் தண்ணீரில் மேலே போயிற்று. ருக்ஸாருக்குச் சீக்கிரமே கை பழகிவிட்டது. வளைவு வரை போய்த் திரும்பினார்கள். மதினி தண்ணீர் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். நாச்சிமுத்து அண்ணன் கொண்டு வந்து போட்ட நாற்காலியை அவள் பார்க்கக்கூட இல்லை. நானும் கயிற்றுப் பையோடு என் தென்னைக்குப் பக்கத்தில் நின்றேன்.

கேன்களுக்குப் பக்கத்தில் வந்ததும் படகு நின்றது. ருக்ஸார் ஷட்டர் பக்கம் பார்த்தாள். பின்னால் திரும்பாமலே கேட்டாள்.

“சாச்சா, இன்னுங் கொஞ்சம் தள்ளிப் போவோமா?”

அதே வார்த்தை. அவளுக்கு அது தெரியாது. யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

“மாட்டேன்” என்றான் அக்மல்.

“கொஞ்சூண்டு, சாச்சா.”

“மாட்டேன்டா. திரும்பு.”

துடுப்பு தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. படகின் முகம் கரைப் பக்கம் திரும்பியது. மதினி பின்னால் கையால் தடவி நாற்காலியைப் பிடித்து, மெதுவாக உட்கார்ந்தாள்.